வேலி வேறு, எல்லை வேறு: டெக்சஸ் ஹெச்.ஓ.ஏ. வீட்டில் தோட்டம் போடப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் வீடு வாங்கிக் குடிவந்த முதல் வருஷமே, பின்வேலியை ஒட்டி நாலு மரக்கம்பம் நட்டுப் புடலைக்கும் அவரைக்கும் பந்தல் போட்டேன். மூலையில் ஒரு முருங்கைப் போத்து. முன்பக்கம் புல்லை நாலடி அகலத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டு வெண்டையும் கத்திரியும் வைத்தேன். மே மாதத்தில் மூன்று விஷயம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தது. அனுமதி இல்லாமல் மாற்றம் செய்ததாக ஹெச்.ஓ.ஏ., அதாவது காலனியின் வீட்டு உரிமையாளர் சங்கத்திடமிருந்து கடிதம். பின்னால் கேபிள் வேலைக்கு வந்த ஆட்கள், வழி வேண்டும் என்று பந்தலில் ரெண்டு கம்பத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர், ரொம்ப மரியாதையாகத்தான், கையில் ஒரு காகிதத்தோடு வந்து "உங்கள் முருங்கை என் மனையில் நிற்கிறது" என்றார்.

வீடு என்னுடையது, வரி நான் கட்டுகிறேன், கடனும் என் தலையில்தான், இதில் இத்தனை பேருக்கு என்ன வேலை என்று முதலில் கோபம்தான் வந்தது. காகிதத்தை எல்லாம் எடுத்து வைத்துப் படித்த பிறகுதான் புரிந்தது, மூவர் சொன்னதும் சரி, அதுவும் மூன்றும் வெவ்வேறு காரணத்தால் சரி. எல்லைக்கோடு ஒன்று, எல்லைக்குள்ளேயே மற்றவர்களுக்கு உரிமை இருக்கும் பட்டை ஒன்று, பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் கட்டுப்பாடு ஒன்று. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இங்கே கடிதம் வருகிறது. கீழே சொல்வது டெக்சஸுக்கு உரியது. ஃப்ளோரிடாவிலோ ஜார்ஜியாவிலோ இருப்பவர்கள் வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சட்டம் மாறும். நான் வக்கீல் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டவன்.

முதலில் காகிதம்

வீடு வாங்கிய அன்று கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கை வலித்து, ஒரு தடிமனான கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் அல்லவா, அதை எடுங்கள். அதில் மூன்று தாள் வேண்டும். ஒன்று சர்வே, அதாவது உங்கள் மனையை மட்டும் அளந்து, வீடு, டிரைவ்வே, வேலி எல்லாம் எங்கே இருக்கிறது என்று வரைந்த படம். நம்மூர் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச், அதாவது சர்வே துறையின் புல வரைபடம் மாதிரி, ஆனால் கட்டடத்தோடு. இரண்டு, டைட்டில் கமிட்மென்ட், அதாவது வாங்கும்போது டைட்டில் இன்ஷூரன்ஸ் நிறுவனம் தந்த அறிக்கை. அதில் 'ஷெட்யூல் பி' என்ற பகுதியில் உங்கள் மனைமீது எந்தெந்தக் கட்டுப்பாடுகள், யாருக்கு என்ன வழியுரிமை என்று பதிவு எண்ணோடு இருக்கும். பெரும்பாலானவர்கள் படிக்காமல் விடுவது இதைத்தான். மூன்று, மனைப்பிரிவு முழுவதையும் காட்டும் 'பிளாட்'. நம்மூரில் பிளாட் என்றால் மனை, இங்கே அது நாம் லே-அவுட் என்று சொல்லும் வரைபடம். இந்த ஒரு சொல்லால் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பே வீணாகியிருக்கிறது.

டீட் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் எனப்படும் பத்திரக் கட்டுப்பாடுகள் கோப்பில் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. கவுன்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவானவை, இணையத்திலேயே தேடலாம், உங்கள் மனைப்பிரிவின் பெயரையும் செக்ஷன் எண்ணையும் வைத்துத் தேடுங்கள். செக்ஷன் எண் முக்கியம், ஒரே காலனியில் செக்ஷன் 4க்கும் செக்ஷன் 9க்கும் விதி வேறாக இருக்கும். எதிர்த்தெரு நண்பர் வைத்திருக்கிறார் என்பதற்காக நாமும் வைத்துவிட முடியாது. சங்கத்தை நிர்வகிக்கும் நிறுவனம் எது, யாருக்கு எழுத வேண்டும் என்பது hoa.texas.gov தளத்தில் கிடைக்கும். 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சங்கங்கள் தங்கள் நிர்வாகச் சான்றிதழை அங்கே பதிய வேண்டும்.

படிக்கும்போது திருத்தங்களையும் சேர்த்துப் படியுங்கள். 1990களில் எழுதிய மூல ஆவணத்தை மட்டும் படித்துவிட்டு வாதாடப் போய், இரண்டாவது திருத்தத்தில் அந்தப் பத்தியையே எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்து அசடு வழிந்தவன் நான். எது எதை மிஞ்சும் என்பதும் தெரிய வேண்டும்: மாநிலச் சட்டம் மேலே, அதற்குக் கீழே பதிவான கட்டுப்பாடுகள், அதற்கும் கீழே சங்கம் அவ்வப்போது போடும் வழிகாட்டு விதிகள். வழிகாட்டு விதி மூல ஆவணத்துக்கு முரணாக இருந்தால் அதைக் கேள்வி கேட்க உங்களுக்கு இடம் உண்டு.

ஹூஸ்டன்காரர்களுக்கு ஒரு சங்கதி. எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று பிரிக்கும் ஜோனிங் சட்டம் இந்த நகரத்துக்குக் கிடையாது. அதனால் இங்கே பத்திரக் கட்டுப்பாடுகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன, நகர நிர்வாகமே சில கட்டுப்பாடுகளை நீதிமன்றத்தில் அமல்படுத்த முடியும். சங்கம் செயல்படாமல் கிடக்கிறது, நம்மை யார் கேட்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

எல்லையை மண்ணில் கண்டுபிடிப்பது

வேலி எல்லை இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வேலி போட்டவர் வசதிக்காக, மரத்தைச் சுற்றிப் போக, அல்லது அளக்கச் சோம்பல்பட்டு எங்கேயோ போட்டிருப்பார். எங்கள் வேலி ஒரு முனையில் சரியாக எல்லையில் தொடங்கி, மறுமுனையில் பக்கத்து மனைக்குள் ஒன்றேகால் அடி போயிருந்தது. அந்த ஒன்றேகால் அடியில்தான் என் முருங்கை நின்றது.

சொத்து மதிப்பைக் கணிக்கும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் வரும் வரைபடக் கோடு வரி போடுவதற்கானது, கைபேசி வரைபடக் கோடு அதைவிட மோசம், இரண்டுமே பல அடி தள்ளி விழும். சர்வேயை எடுங்கள். மனையின் மூலைகளில் 'ஐயர்ன் ராட்' என்று குறித்திருக்கும். நம்மூர் சர்வே கல்லுக்குப் பதில் இங்கே அரை இன்ச் இரும்புக் கம்பி, பல இடங்களில் தலையில் சர்வேயர் பெயரோ எண்ணோ போட்ட பிளாஸ்டிக் மூடியோடு. புல்லுக்கு அடியில் சில இன்ச் ஆழத்தில் புதைந்திருக்கும். மெட்டல் டிடெக்டர் வாடகைக்கு எடுத்து, படத்தில் உள்ள அளவை வீட்டு மூலையிலிருந்து டேப்பால் அளந்து, அந்த இடத்தை மெதுவாகக் கிளறிப் பாருங்கள். கிடைத்தால் பிடுங்க வேண்டாம், பக்கத்தில் ஒரு சிறு கொடி நட்டுவிட்டு இரண்டு கம்பிக்கும் இடையே கயிறு கட்டுங்கள். அந்தக் கயிறும் உங்கள் வேலியும் சேர்ந்து போனால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

கம்பி கிடைக்கவில்லை, அல்லது நீங்கள் செய்யப்போவது வேலி, தடுப்புச்சுவர், நீச்சல்குளம் மாதிரி பெரிய வேலை என்றால், உரிமம் பெற்ற நில அளவையாளரை அழைத்து மூலைகளைக் குறிக்கச் சொல்லுங்கள். சில நூறு டாலரில் தொடங்கும் செலவு. வேலியைப் பிடுங்கி மறுபடி நடுவதற்கு ஆகும் செலவை நினைத்தால் அது சில்லறை.

உங்கள் மனைக்குள்ளேயே உங்களுக்கு முழு உரிமை இல்லாத இடங்கள்

சர்வேயில் புள்ளிக்கோடுகள் ஓடும், அவற்றின் மேல் சுருக்கெழுத்துகள் இருக்கும். யு.இ. என்றால் மின்சாரம், எரிவாயு, கேபிள் நிறுவனங்களின் வழியுரிமைப் பட்டை. நிலம் உங்களுடையது, ஆனால் அவர்கள் வந்து தோண்டலாம், வழியில் இருப்பதை எடுக்கலாம், பொதுவாக நஷ்ட ஈடும் தர மாட்டார்கள். என் பின்பக்கம் 8 அடி, பந்தல் முழுவதும் அதற்குள். அங்கே புல், பூச்செடி, தொட்டியில் வைத்த செடி என்று இழந்தால் வருத்தப்படாததை மட்டும் வையுங்கள். டி.இ. என்றால் மழைநீர் வடிகால் பட்டை. இதில் எதையும் நடுவதற்கு முன், மேட்டுப்பாத்தி கட்டுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். பி.எல். என்றால் கட்டடக் கோடு, அதைத் தாண்டி எந்தக் கட்டுமானமும் வரக் கூடாது. பெர்கோலா, அதாவது பந்தல் மாதிரியான மரச்சட்டம், 'கட்டுமானம்' கணக்கில் வருமா என்பது உங்கள் ஆவணத்தின் வரையறையில் இருக்கிறது.

தெருவோரமும் அப்படித்தான். நடைபாதைக்கும் தெருவுக்கும் நடுவே இருக்கும் புல்பட்டை பெரும்பாலும் பொதுவழிக்குச் சேர்ந்தது. வெட்டிப் பராமரிப்பது மட்டும் நம் பொறுப்பு, பூசாரித்தனம் நமக்கு, உண்டியல் அவர்களுக்கு. முன் எல்லை நடைபாதைக்கு உள்பக்கம் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டு சர்வேயில் சரிபாருங்கள்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு வீட்டுக்கு நடுவே லேசாகக் குழிந்து ஓடும் புல்வாய்க்காலைப் பார்த்து, இது ஏன் பள்ளமாக இருக்கிறது என்று மண்ணடித்து நிரப்பிவிடுகிறார்கள். அது மழைத்தண்ணீர் தெருவுக்குப் போகும் பாதை. இயற்கையாக ஓடும் மழைநீரைத் திருப்பியோ தேக்கியோ அடுத்தவர் சொத்துக்குச் சேதம் வருத்தக் கூடாது என்று டெக்சஸ் நீர்ச் சட்டத்தின் 11.086ஆம் பிரிவு சொல்கிறது, பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடலாம். ஹூஸ்டன் மழை தெரியும்தானே.

கட்டுப்பாட்டு ஆவணத்தில் எதைத் தேடுவது

அறுபது பக்கத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 'இம்ப்ரூவ்மென்ட்' என்ற சொல்லின் வரையறையை முதலில் பாருங்கள். பல ஆவணங்களில் செடி, பாத்தி, கல் விளிம்பு, விளக்கு எல்லாமே அதில் அடக்கம், ஆகவே எல்லாவற்றுக்கும் முன் அனுமதி. அடுத்து 'தெருவிலிருந்து தெரியும்' என்ற சொற்றொடர் எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். காய்கறிப் பாத்திக்குப் பெரும்பாலும் அங்கேதான் வினை. வேலிக்குப் பின்னால் வெண்டை வளர்த்தால் யாரும் கேட்க மாட்டார்கள், முன்வாசலில் வளர்த்தால் கடிதம்.

முன்பக்கம் இத்தனை மரம், இத்தனை இன்ச் கேலிப்பர் என்று இருக்கும். கேலிப்பர் என்பது தண்டின் விட்டம், நாலு இன்ச் வரையுள்ள கன்றுக்குத் தரையிலிருந்து ஆறு இன்ச் உயரத்தில் அளப்பார்கள். மரம் செத்தால் இத்தனை நாளில் அதே அளவில் மாற்று நட வேண்டும் என்ற விதியையும் பாருங்கள், 2021 பிப்ரவரிக் கடுங்குளிருக்குப் பிறகு பலருக்கு அந்தப் பத்திதான் செலவு வைத்தது. (என் முருங்கை அந்தக் குளிரில் தரையோடு கருகி, வெயில் ஏறியதும் வேரிலிருந்து மறுபடி துளிர்த்தது. அதற்கு ஹெச்.ஓ.ஏ.வும் ஒன்று, பனியும் ஒன்று.) வேலியின் உயரம், எந்தப் பக்கம் நல்ல முகம் தெரிய வேண்டும், சாயத்தின் நிறம், செயற்கைப் புல், கொடிப்பந்தல் வேலிக்கு மேலே தலை காட்டலாமா என்பதெல்லாம் வழிகாட்டு விதிகளில் இருக்கும்.

சங்கம் தடுக்க முடியாதவையும் உண்டு. டெக்சஸ் சொத்துச் சட்டம் 202.007: மட்கு உரக்குழி, மழைநீர்ப் பீப்பாய், சொட்டுநீர்ப் பாசனம், வறட்சி தாங்கும் தோட்டம் இவற்றை முற்றிலும் தடை செய்யும் விதி செல்லாது. ஆனால் நம் ஆட்கள் பாதியை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். வறட்சித் தோட்டத்துக்கு விரிவான வரைபடம் கேட்க, காலனியின் தோற்றத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சங்கத்துக்கு உரிமை உண்டு, நியாயமில்லாமல் மறுக்கத்தான் முடியாது. பீப்பாயை வீட்டு முகப்புக்கும் தெருவுக்கும் நடுவே வைக்கக் கூடாது என்றும் சொல்லலாம். 2025 செப்டம்பரிலிருந்து இன்னொன்று: தண்ணீர் பாய்ச்சக் கட்டுப்பாடு அமலில் இருக்கும்போதும், அது நீங்கி 60 நாள் வரையும், புல் பழுப்பானதற்காக அபராதம் போட முடியாது.

அனுமதி விண்ணப்பம்

வீட்டின் வெளிமாற்றங்களைப் பரிசீலிக்கும் ஏ.ஆர்.சி. என்ற சங்கக் குழுவுக்கு எழுத வேண்டும். ஒரு வரி விண்ணப்பம் ஒரு மாதத்தைத் தின்னும். சர்வேயின் நகலில் அளவோடு புதிய பாத்தியை வரையுங்கள், எல்லையிலிருந்தும் வழியுரிமைப் பட்டையிலிருந்தும் எத்தனை அடி என்று எழுதுங்கள், செடியின் பெயரும் முழுதாக வளர்ந்தால் வரும் உயரமும், கல் அல்லது மரத்தின் மாதிரிப் படம், தண்ணீர் ஓடும் திசைக்கு அம்புக்குறி. தாவரப் பெயரை அறிவியல் பெயராகவே எழுதுங்கள். நான் முதல் விண்ணப்பத்தில் 'டிரம்ஸ்டிக் ட்ரீ' என்று எழுதி, அது என்ன, அலங்காரப் பொருளா என்று திருப்பி அனுப்பினார்கள். 'மொரிங்கா ஒலிஃபெரா, பின்பக்கம், கவாத்து செய்து எட்டடிக்குள் வைக்கப்படும்' என்று எழுதியதும் ஒன்பது நாளில் ஒப்புதல் வந்தது.

ஒப்புதல் எழுத்தில் வரும்வரை மண்ணைத் தொடாதீர்கள். "நான் இந்தக் காலனியில் நிறைய வீட்டுக்குச் செய்திருக்கிறேன், யாரும் கேட்டதில்லை" என்று சொல்லும் கான்ட்ராக்டருக்குக் கடிதம் வராது, உங்களுக்குத்தான் வரும். இத்தனை நாளில் பதில் இல்லையென்றால் ஒப்புதலாகக் கருதலாம் என்று சில ஆவணங்களில் இருக்கும், சிலவற்றில் அதற்கு நேர்மாறாக மறுப்பாகக் கருத வேண்டும் என்றும் இருக்கும், அதைப் பார்க்காமல் ஊகிக்காதீர்கள்.

மறுத்தால்? 40 மனைக்கு மேல் உள்ள சங்கங்களில், சொத்துச் சட்டப் பிரிவு 209.00505 படி, மறுப்பு எழுத்தில் காரணத்தோடு வர வேண்டும், எதை மாற்றினால் ஒப்புக்கொள்வார்கள் என்பதும் இருக்க வேண்டும். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து 30 நாளுக்குள் நிர்வாகக் குழு முன் விசாரணை கேட்கலாம். சங்க நிர்வாகிகளோ அவர்கள் கணவன் மனைவியோ அந்த ஏ.ஆர்.சி. குழுவில் உட்காரவும் கூடாது. சண்டையை விட, வரைபடத்தைத் திருத்திக்கொண்டு போவதுதான் பெரும்பாலும் சீக்கிரம் முடியும் என்பது என் அனுபவம்.

பக்கத்து வீட்டுக்காரர்

சங்கத்துக்கு எழுதுவதற்கு முன்பே அவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். வரப்புத் தகராறு எப்படி மூன்று தலைமுறை ஓடும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் சர்வேயை எடுத்துக்கொண்டு போய், முருங்கையைப் பிடுங்கிவிடுகிறேன், வேலி உளுத்துப்போய் மாற்றும்போது சரியான கோட்டில் போடலாம் என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். அதை ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம்.

ஏன் எழுத வேண்டும் என்றால், டெக்சஸில் அடுத்தவர் நிலத்தை வெளிப்படையாக, தன்னுடையது என்று உரிமை கொண்டாடிப் பத்து வருஷம் ஆண்டுவந்தால், அதைத் தனதாக்கிக்கொள்ள வழக்காட வழியுண்டு. பழைய வேலி ஒன்று நின்றது என்பது மட்டும் அதற்குப் போதாது, ஆனாலும் யாருக்கு அந்தத் தலைவலி வேண்டும்? அனுமதியோடு இருக்கிறது என்று எழுத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் நிம்மதி. புது வேலிக்குப் பாதிச் செலவைப் பக்கத்து வீட்டுக்காரர் தந்தே ஆக வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்வதில்லை. உங்கள் கட்டுப்பாட்டு ஆவணம் சொன்னால் உண்டு, இல்லையென்றால் பேசித்தான் வாங்க வேண்டும். கிளை தாண்டி வந்தால் எல்லை வரைக்கும் வெட்டலாம். அவர் மனைக்குள் ஏறி வெட்டக் கூடாது, மரம் சாகும் அளவுக்கும் கூடாது. ஓக் மரமென்றால் பிப்ரவரி முதல் ஜூன் வரை வெட்டாமல் இருப்பது நல்லது, ஓக் வில்ட் நோய் பரவும் காலம் அது. எப்போது வெட்டினாலும் வெட்டுவாயில் உடனே பெயின்ட் அடித்துவிடுங்கள்.

தோண்டுவதற்கு முன் 811

811 என்பது நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறித்துத் தரச் சொல்லும் தொலைபேசி எண். இரண்டு வேலை நாள் முன்னதாக அழையுங்கள், இலவசம். வந்து தரையில் வண்ணம் அடித்துவிட்டுப் போவார்கள்: மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், ஆரஞ்சு கேபிள், நீலம் குடிநீர், பச்சை சாக்கடை. கோட்டின் இருபுறமும் ஒன்றரை அடிக்குக் கையால் மெதுவாகத் தோண்டுங்கள். மீட்டருக்கு இந்தப் பக்கம் நீங்கள் போட்டுக்கொண்ட ஸ்பிரிங்க்ளர் குழாய், பின்புற அடுப்புக்குப் போகும் எரிவாயுக் குழாய் இவற்றை அவர்கள் குறிக்க மாட்டார்கள். நான் ஸ்பிரிங்க்ளரை இரண்டு முறை உடைத்திருக்கிறேன்.

பெரிய மரத்தை வீட்டு அடித்தளத்துக்குப் பக்கத்தில் நடாதீர்கள். இங்கே களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வேர் ஒரு பக்கம் மட்டும் ஈரத்தை உறிஞ்சினால் ஸ்லாப் அந்தப் பக்கம் இறங்கும். பாத்தி மண் ஸ்லாபின் மேல்விளிம்பிலிருந்து நாலு முதல் ஆறு இன்ச் கீழேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் கரையான்.

கடிதம் வந்துவிட்டால்

முதலில் தேதியைப் பாருங்கள். அபராதம் போடும் முன் சங்கம் உங்களுக்கு எழுத்தில், பதிவுத்தபால் மாதிரியான சர்டிஃபைட் மெயிலில், என்ன மீறல், சரிசெய்ய எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்குள் அதே மாதிரி மீறலுக்கு ஏற்கெனவே அவகாசம் தந்திருந்தால் மறுபடி அவகாசம் தர வேண்டியதில்லை. கடிதம் அனுப்பிய நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் விசாரணை கேளுங்கள். தங்களிடம் உள்ள ஆதாரங்களைச் சங்கம் விசாரணைக்குப் பத்து நாள் முன்பே உங்களுக்குத் தர வேண்டும், தராவிட்டால் நீங்கள் 15 நாள் தள்ளிவைக்கக் கேட்கலாம். தேதி போட்ட படங்கள், ஒப்புதல் கடிதம், சர்வே மூன்றையும் எடுத்துப் போங்கள். கோபத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் சம்பளம் வாங்காத அக்கம்பக்கத்தவர்கள்தான்.

அபராதத்துக்காக மட்டும் டெக்சஸில் வீட்டை ஜப்தி செய்ய முடியாது. சந்தா பாக்கிக்கு முடியும், அதனால் சண்டை போட்டுக்கொண்டே சந்தாவை நிறுத்திவிடாதீர்கள். வழக்கு வரைக்கும் போனால், கட்டுப்பாட்டை மீறியதற்கு நாளுக்கு 200 டாலர் வரை நீதிமன்றம் விதிக்கலாம்.

வேலை முடிந்ததும் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டு, ஒப்புதலைச் சர்வேயோடு சேர்த்து அதே கோப்பில் போடுங்கள். வீட்டை விற்கும்போது சங்கம் கொடுக்கும் சான்றிதழில், தங்களுக்குத் தெரிந்த மீறல்கள் இருந்தால் எழுதிவிடுவார்கள். பழைய சர்வேயையே வாங்குபவருக்குக் கொடுக்க நினைத்தால் டி-47 என்ற உறுதிமொழியில், அளந்த தேதிக்குப் பிறகு என்னென்ன மாற்றம் செய்தேன் என்று சத்தியம் செய்து எழுத வேண்டும். எங்கள் வேலி போன நவம்பரில்தான் சரியான கோட்டுக்கு வந்தது, அந்த ஒன்றேகால் அடியில் இப்போது அவருடைய ரோஜா. முருங்கை இந்தப் பக்கம், வழியுரிமைப் பட்டையைத் தாண்டி, ஏழடி உயரத்தில் நிற்கிறது. இன்னும் ஒரு அடி வளர்ந்தால் கவாத்து செய்ய வேண்டும்.